பேர் சொல்லும் பேத்தி

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் படமும் வெளியிடப்படவில்லை.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'எனது அமெரிக்க அனுபவங்கள்'. இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் நயாகராவில் நனைந்ததையும், பிட்ஸ்பர்க் பெருமாள் கோவில் புளியோதரையையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். நானும் இரண்டையும் பார்த்தாயிற்று. புளியோதரை நன்றாகவே இருந்தது. ஆனால் இன்று நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் ஆத்து விஷயம். இந்த ஹாலில் பலருக்கு அரசல்புரசலாகத் தெரிந்த விஷயம். அரைகுறையாகத் தெரிவதைவிட என் வாயாலேயே தெரியட்டும் என்று வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்ட குழந்தையிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். இரண்டு நிபந்தனைகள் போட்டாள். பேர் சொல்லக் கூடாது. அவள் எடுத்துக்கொள்ளும் சிகிச்சை பற்றிப் பேசக் கூடாது. இரண்டும் நியாயமான நிபந்தனைகள். உங்களில் யாருடைய சர்க்கரை அளவையும் நான் மேடையில் சொல்வதில்லையே.

பூணூலும் பேரும்

என் பிள்ளை பதினேழு வருஷங்களுக்கு மேலாக அமெரிக்காவில் இருக்கிறான். டெக்ஸஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகரத்தை ஒட்டிய ஓர் ஊரில் வீடு. 2012-ல் முதல் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை என்றார்கள். பிள்ளைவழி மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் என்பது நம் முறை. ஆகவே புண்யாகவாசனத்தில் என் பேரைத்தான் வைத்தார்கள். 'பேர் சொல்லப் பிறந்தவன்' என்று எல்லோரும் சொன்னபோது எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

நாலு வயசிலிருந்தே அந்தக் குழந்தை "நான் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தைகள் ஒரு நாள் போலீஸ்காரன், ஒரு நாள் புலி. அப்படித்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஆனால் புலி மறுநாள் மாறிவிடும். இது மாறவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று வயசு ஏறியதே தவிரச் சொன்ன சொல் அப்படியே நின்றது.

கர்ப்பாஷ்டமத்தில் பூணூல் போட்டுவிட வேண்டும் என்று 2019 மே மாதத்துக்கு நாள் பார்த்தோம். இந்த ஊரிலேயே மண்டபம் பேசி, வாத்யாருக்கும் சொல்லியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை என்னைக் கம்ப்யூட்டரில் கூப்பிட்டது.

"தாத்தா, பூணூல் பாய்ஸுக்குத்தானே?"

"ஆமாம்."

"அத்தை பொண்ணுக்குப் போடலையே?"

"பெண் குழந்தைக்குப் போடற வழக்கம் இல்லையே கண்ணா."

"அப்ப எனக்கு எதுக்குத் தாத்தா?"

முப்பத்தாறு வருஷம் ஆடிட் ஆட்சேபணை எழுதியவன் நான். பதில் சொல்ல முடியாத ஆட்சேபணையைக் கண்டால் தெரியும். வாத்யாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "குழந்தைக்கு மனசு ஒப்பாம காதுல மந்திரத்தைப் போடறதுல எனக்கும் இஷ்டமில்லை அண்ணா. அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றார். இதுபற்றி இன்றுவரை யாரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சந்தியாவந்தனம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

2021-ல் ஒரு நாள் அது பாட்டியைக் கூப்பிட்டு, "எனக்கு ஒரு பொண்ணு பேர் வேணும் பாட்டி, நீ சொல்லு" என்றது. அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுல யோசிக்க என்ன இருக்கு? மூத்த பேத்திக்குப் பாட்டி பேர். அதானே முறை?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து என் பேர் போய் அவள் பேர் வந்தது. நாற்பத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் எத்தனையோ விஷயத்தில் அவளிடம் தோற்றிருக்கிறேன். இது ஒன்று கூட. இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பேரும் உடுப்பும் மாறியதும் குழந்தை தூங்க ஆரம்பித்தது, சாப்பிட ஆரம்பித்தது, பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் வந்தார்கள். மருந்து எதுவும் கிடையாது. ஒரு பேர், இரண்டு பாவாடை, நீளமாக விட்ட தலைமுடி. அவ்வளவுதான் செலவு. வீட்டுக்குள் விஷயம் இத்தோடு முடிந்தது. வாசலுக்கு வெளியேதான் ஆரம்பித்தது.

சட்டங்கள் வந்த வரிசை

2021-ல் அர்க்கன்ஸா மாநிலம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பதினெட்டு வயதுக்கு முன் மருத்துவ சிகிச்சை தரக் கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்காவில் அதுதான் முதல். அந்த மாநில கவர்னர் ஹட்சின்சன் அதை ரத்து செய்தார். சட்டசபை அவரையும் மீறி நிறைவேற்றியது. அதே ஆண்டு டெக்ஸஸில் அரசுப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கு ஒரு சட்டம். பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருந்ததோ அந்த அணியில்தான் ஆட வேண்டும்.

2022 பிப்ரவரியில் டெக்ஸஸ் அட்டர்னி ஜெனரல் பாக்ஸ்டன், இந்தச் சிகிச்சைகள் குழந்தைக் கொடுமை ஆகலாம் என்று ஓர் அபிப்பிராயம் எழுதினார். நாலு நாளில் கவர்னர் அபட், அப்படிப்பட்ட பெற்றோர்களை விசாரிக்கும்படி குழந்தைகள் நலத்துறைக்குக் கடிதம் அனுப்பினார். டாக்டரும் வாத்தியாரும் தகவல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் அதில் நினைவூட்டினார். பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போய்ப் பல குடும்பங்களுக்குத் தடை உத்தரவு வாங்கினார்கள். ஆனால் உத்தரவு என்ன ஆயிற்று என்பது வேறு, அது வந்த இரவு ஒரு தாய் தகப்பன் எப்படிக் கழித்தார்கள் என்பது வேறு. என் மருமகள் போனில் கேட்டது ஒரே கேள்விதான். "அப்பா, யாராவது வந்து கதவைத் தட்டினா நான் திறக்கணுமா?"

2023 ஜூன் 2-ந்தேதி செனட் பில் 14-ல் கவர்னர் கையெழுத்திட்டார். செப்டம்பர் 1 முதல் அமல். பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்து, ஹார்மோன், அறுவை சிகிச்சை மூன்றும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த நோக்கத்துக்காகத் தரக் கூடாது. தந்தால் டாக்டரின் லைசென்ஸ் போகும். ஏற்கெனவே மருந்தில் இருக்கும் குழந்தைகளைப் படிப்படியாக நிறுத்திவிட வேண்டும். 2024 ஜூனில் அம்மாநில சுப்ரீம் கோர்ட் இந்தச் சட்டத்தை உறுதி செய்தது. 2025 ஜூன் 18-ல் வாஷிங்டனில் உள்ள சுப்ரீம் கோர்ட்டே, டென்னசி மாநிலத்தின் இதே மாதிரிச் சட்டம் செல்லும் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டங்கள் வந்திருக்கின்றன.

அந்த டெக்ஸஸ் சட்டத்தை நான் வரிவரியாகப் படித்தேன். எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம். ரூலைப் படிக்குமுன் விதிவிலக்கைப் படி என்பார்கள். அதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆறு ஏழு வயசிலேயே பருவமடைந்துவிடும் குழந்தைகளுக்கு அதைத் தள்ளிப்போட இதே மருந்தைக் கொடுக்கலாம். பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள். மருந்து அதேதான், வயசும் சின்ன வயசுதான். ஒரு குழந்தைக்கு அது வைத்தியம், அடுத்த குழந்தைக்குக் கொடுத்தால் டாக்டருக்குத் தொழில் போகும். சுப்ரீம் கோர்ட்டில் நடந்த வாதத்திலும் இது ஒரு முக்கியமான புள்ளி. இது வியாதியைப் பொறுத்த வேறுபாடு, ஆண் பெண் என்ற வேறுபாடு அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று நீதிபதிகள் ஒப்பவில்லை.

ஒரு ஃபைல்

2022-ல் அந்தக் கடிதம் வந்தபின் டெக்ஸஸில் இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர்கள் பலர் வீட்டில் ஒரு ஃபைல் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதிகாரி யாராவது வந்தால் காட்டுவதற்கு. குழந்தை நன்றாக வளர்கிறது, வீட்டில் அடி உதை கிடையாது என்று டாக்டர், டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், கோவில் சர்ச் மனிதர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்கள்.

ஃபைல் போடுவது என் தொழில். 2022 கோடையில் நாங்கள் அங்கே போயிருந்தபோது அதை நானே எடுத்துக்கொண்டேன். பொருளடக்கம், பக்க எண், தேதிவாரியாக வரிசை. தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட மார்க் ஷீட், பல் டாக்டரின் சீட்டு. எதிர்வீட்டு மெக்ஸிகோக்காரப் பாட்டி ஸ்பானிஷில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். பரதநாட்டிய டீச்சர், "என் வகுப்பில் அரைமண்டி ஒழுங்காக உட்காரும் மூன்று பேரில் இவள் ஒருத்தி" என்று எழுதினாள். நானும் தாத்தா என்ற முறையில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன்.

இந்தச் சபையில் பேரன் பேத்தி இல்லாதவர்கள் குறைவு. உங்கள் பேரக் குழந்தையை நீங்கள் கொடுமைப்படுத்தவில்லை என்று நிரூபிக்க ஒரு ஃபைல் தயார் செய்ய வேண்டுமென்றால் எப்படி இருக்கும்? என் சர்வீஸில் கோடிக்கணக்கான ரூபாய்க் கணக்கைப் பார்த்திருக்கிறேன். கை நடுங்கிப் பக்க எண் போட்டது அந்த ஒரு ஃபைலுக்குத்தான்.

கடவுள் புண்ணியத்தில் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. ஃபைல் இன்னும் இருக்கிறது.

ஊர் மாறிய கதை

2023-ல் சட்டம் அமலாகுமுன் அவர்கள் ஆலோசனைக்குப் போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து, இனி இது சம்பந்தமாகப் பார்க்க இயலாது என்று கடிதம் வந்தது. டாக்டர் நல்ல மனுஷி. கண்ணில் ஜலத்தோடு விடைகொடுத்தாளாம். அதற்குப் பிறகு பக்கத்து மாநிலமான நியூ மெக்ஸிகோவுக்குக் காரில் போக ஆரம்பித்தார்கள். டல்லாஸிலிருந்து ஆல்பகர்க்கி ஒரு வழிக்கே ஆயிரம் கிலோமீட்டர், பத்து மணி நேரம். மருமகள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொள்வாள். குழந்தை பின்சீட்டில் ஹோம்வொர்க் செய்யும்.

"வேறே மாநிலத்துக்கே போயிடலாமே" என்று நம் உறவினர்களே சுலபமாகச் சொன்னார்கள். நம்மவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்பதை அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். என் பிள்ளை எச்-1பி விசாவில் கிரீன் கார்டு க்யூவில் நிற்பவன். குழந்தை அங்கே பிறந்த அமெரிக்கப் பிரஜை. பெற்றோர் அப்படி இல்லை. அந்த விசா கம்பெனியோடும் வேலை பார்க்கும் இடத்தோடும் கட்டப்பட்டது. வேறு ஊரில் வேலை என்றால் புதிதாக மனுப் போட வேண்டும். கம்பெனி மாறினால் கிரீன் கார்டுக்கான லேபர் சர்டிபிகேட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பழைய மனு அங்கீகாரமாகி நாளாகியிருந்ததால் க்யூவில் பிடித்த இடம் மட்டும் போகாது. நடுவில் வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும். அமெரிக்கக் குடும்பம் சாமான் வண்டியை வரவழைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். நம் பிள்ளைகள் வக்கீலைக் கேட்டுத்தான் அட்டைப்பெட்டி வாங்க வேண்டும்.

2025-ல் டெக்ஸஸில் செனட் பில் 12 வந்தது. குழந்தை வேறு பேரில், வேறு பாலாகப் பள்ளியில் நடமாட ஆசிரியர்களோ ஊழியர்களோ உதவக் கூடாது என்றது. அதாவது பாட்டி கொடுத்த பேரைச் சொல்லி டீச்சர் கூப்பிடுவதே சட்டச் சிக்கல். அதோடு என் பிள்ளை முடிவு செய்துவிட்டான். அவன் கம்பெனி மாற்றல் தர மறுத்துவிட்டது. சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று வேறு கம்பெனியில் சேர்ந்து, 2025 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலத்துக்குக் குடிபோனார்கள். வெளிமாநிலத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களையும் டாக்டர்களையும் பாதுகாக்க 2023-லேயே சட்டம் போட்ட மாநிலம் அது. நாங்கள் இருவரும் கூடப் போய்ச் சமையல் பாத்திரங்களை நியூஸ்பேப்பரில் சுற்றினோம். பதிமூன்று வருஷம் வாழ்ந்த வீடு, குழந்தை நட்ட கறிவேப்பிலைச் செடி, நாட்டிய டீச்சர், எதிர்வீட்டுப் பாட்டி எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. குளிரில் வராது என்று தெரிந்தும் கறிவேப்பிலையைத் தொட்டியில் எடுத்து வந்தாள். ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். நாலு இலை விட்டிருக்கிறது.

ஊர் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2025 ஜனவரியில் ஜனாதிபதி டிரம்ப் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களின் இந்தச் சிகிச்சைக்கு மத்திய அரசுப் பணம் போகக் கூடாது என்று உத்தரவிட்டார். அதன்பின் சட்டம் அனுமதிக்கும் மாநிலங்களிலும் சில ஆஸ்பத்திரிகள் நிறுத்திக்கொண்டன. லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரி தன் மையத்தை 2025 ஜூலையில் மூடியது.

பாஸ்போர்ட் சங்கதியும் உண்டு. 2022-ல் எடுத்த அவள் பாஸ்போர்ட்டில் பெண் என்று இருக்கிறது. குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருஷம். பிறந்தபோது எழுதியதைத்தான் போட வேண்டும் என்பது 2025-ல் வந்த கொள்கை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அதை அமல்படுத்தலாம் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. புதுப்பிக்கும்போது என்ன ஆகுமோ என்பது எங்கள் அடுத்த கவலை. நீளமான பின்னலோடு நிற்கும் பெண், காகிதத்தில் ஆண். விமான நிலையக் கவுண்டரில் ஒவ்வொரு தடவையும் அவள் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

"இது வியாதியா?" என்று கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 11-வது பதிப்பு 2019-ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் இதை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"அமெரிக்காவில் வளர்ந்ததால் வந்ததா?" சிகண்டி எந்த மாநிலத்தில் வளர்ந்தாள்? இளனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூடுகிறவர்கள் விசா வாங்கிக்கொண்டா போய்வந்தார்கள்? தொல்காப்பியத்தில் சொல்லதிகாரம் ஆரம்பிக்கும் இடத்திலேயே, ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் சொல்லுக்கு எந்த முடிவு வர வேண்டும் என்று இலக்கண விதி இருக்கிறது. இல்லாத மனிதர்களுக்கு இலக்கணம் எழுத மாட்டார்கள்.

"சின்னக் குழந்தைக்கு ஆபரேஷனா?" வாட்ஸ்அப்பில் அப்படித்தான் வருகிறது. பருவ வயசுக்கு முன் மருந்தே கிடையாது. பருவம் தொடங்கும்போது, தேவை என்று டாக்டர்கள் கருதினால், அதைத் தள்ளிப்போடும் மருந்து. பெரிதான பிறகு, பெற்றோர் சம்மதத்தோடு ஹார்மோன். சில வருஷங்கள் பார்த்து, கேட்டு, மனநல நிபுணர் பேசி நடக்கும் காரியம்.

"டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை இருக்கிறதாமே?" இருக்கிறது. மறைக்கத் தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஹார்மோன் நிபுணர் சங்கமும் இச்சிகிச்சையை ஆதரித்து வந்திருக்கின்றன. ஆனால் இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் வெளியான டாக்டர் காஸ் அறிக்கை, ஆதாரம் போதவில்லை என்றது. அங்கே பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்வீடனும் பின்லாந்தும் நிதானம் வேண்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கின்றன. ஒரு தாத்தாவாக எனக்கும் நிதானம் பிடிக்கும். நீண்டகால விளைவுகளை ஆராயட்டும், இன்னும் இரண்டு டாக்டர் பார்க்கட்டும். ஆனால் டாக்டர்கள் ஆராய்ந்து தயங்குவது ஒன்று. பெற்றவர்களைக் குற்றவாளி போல விசாரிக்கச் சொல்வதும், டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதும் மருந்தின் ஆதாரத்தோடு சம்பந்தமில்லாதவை. பேருக்குப் பக்க விளைவு கிடையாது.

"அவர்கள் தேசத்துச் சட்டம், நமக்கென்ன?" நம் தேசத்திலும் நடந்ததுதான். 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பாகம் இப்படிப்பட்டவர்களைப் பதிவேட்டில் எழுத வைத்தது. பதிவானவர் பதினாறு வயதுக்கு உட்பட்ட பையனைத் தன் வீட்டில் வைத்திருந்தால் ஜெயில். குழந்தையைப் பிரிக்கும் யோசனை அன்றைக்கே இருந்திருக்கிறது. நம் சுப்ரீம் கோர்ட் 2014 ஏப்ரல் 15-ல் நால்சா வழக்கில், திருநங்கைகளும் திருநம்பிகளும் அரசியல் சாசனத்தின் எல்லா உரிமைகளும் உள்ள பிரஜைகள் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு ஆறு வருஷம் முன்பே, 2008-ல், தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று நல வாரியம் அமைத்தார்கள். ஆனால் சட்டம் எப்படியிருந்தாலும் நம் ஊர்களில் இந்தக் குழந்தைகளை முதலில் வெளியே தள்ளுவது பெரும்பாலும் வீடுதான். அங்கே டெக்ஸஸில் குடும்பம் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அரசாங்கம் இழுக்கிறது. இங்கே பல இடங்களில் குடும்பமே கையை விடுகிறது. இந்த ரயில்வே ஸ்டேஷனில் கைதட்டிக் காசு கேட்கும் ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு தாத்தா இருந்திருப்பார்.

மூன்று வேண்டுகோள்

வரும் தை மாதம் இந்த ஊரில் என் தம்பி பெண்ணின் கல்யாணம். பத்திரிகை உங்கள் எல்லோருக்கும் வரும். பேத்தி அப்பா அம்மாவோடு வருகிறாள். பூணூல் கல்யாணத்துக்கென்று வர வேண்டியிருந்த ஊருக்கு இப்போதுதான் வருகிறாள். நலங்குக்குப் பாட, பாட்டியிடம் இரண்டு பாட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதை உத்தேசித்து உங்களிடம் மூன்று விஷயங்கள் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, அவளை அவள் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பழைய பேர் ஞாபகம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, அது என் பேர். என்னைக் கூப்பிட வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உடம்பைப் பற்றிக் கேட்காதீர்கள். பதினாலு வயசுப் பெண் குழந்தையிடம் கேட்கக் கூடாதது எதுவோ அது எதையும் அவளிடமும் கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டும் என்று இருப்பவர்கள் என்னைக் கேளுங்கள். சட்டம் பற்றியானால் பதில் சொல்கிறேன். மற்றதற்குக் காப்பி தருகிறேன்.

மூன்றாவது, நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இவர்களைக் கேலி செய்து வரும் வீடியோக்களைத் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். இந்தச் சங்கத்தில் இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். இன்னொரு வீட்டில் இன்னொரு குழந்தை இதையே நினைத்துக்கொண்டு, சொல்லப் பயந்துகொண்டு இருக்கலாம். தாத்தாவின் போனில் வரும் வீடியோவுக்கு யார் சிரிக்கிறார்கள் என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யும். அப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டில் வாய் திறந்தால், எந்த முடிவும் எடுப்பதற்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வாருங்கள். ஃபைல் போடுவதிலிருந்து வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுவரை எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பேர் வைப்பது எப்படி என்பதை என் ஆத்துக்காரி சொல்லுவாள்.

 நயாகரா பற்றிக் கேட்க நினைத்தவர்கள் டிபன் சமயத்தில் என்னிடம் வரலாம்.